சீதேவியக்காவின் கடைசி மூன்று பக்கங்கள்

நேற்று நீ குடிக்காமல் வைத்துவிட்டுப் போன தேநீரில் எறும்புகள் மிதந்தன, ஞானமலர். சீனி கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"சித்தப்பா, சின்னம்மா அண்டைக்கு ரேடியோவில சொன்னது அவவாச் சொன்னதா, இல்லாட்டி ஆரும் எழுதிக் குடுத்ததா?"

எட்டு வருடம் கழித்து இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் நீயே சொன்னாய். போன கிழமை கொழும்பில் உன் சின்னம்மா மார்கிறட்டை அடக்கம் செய்தபோது, அவளோடு நாடகத்தில் நடித்த அழகரத்தினம் உன் பக்கத்தில் வந்து நின்றாராம். "உங்கட சின்னம்மா ஒரு சொல்லைக்கூடத் தானாய்ச் சேர்க்க மாட்டா, பிள்ளை. எழுதினதை எழுதினபடி வாசிக்கிறவ" என்றாராம். அழகரத்தினம் நல்ல மனிதர். யாழ்ப்பாணத்தார். ஞாபகசக்தி அதிகம்.

நாளைக்கு வா என்று உன்னை அனுப்பினேன். யோசிக்க நேரம் வேண்டும் என்பதற்காக அல்ல. எனக்கு எதையும் எழுதித்தான் சொல்ல வரும். நீதவான் கோட்டில் பதினெட்டு வருடமாக மற்றவர்களின் வாக்குமூலங்களைப் படியெடுத்து வருகிறேன். பெரும்பாலானவை மோசமாக எழுதப்பட்டவை. முதல் வரியிலேயே அழுகை வந்துவிடும். யார், எந்த நாள், எந்த இடம் என்பது கடைசிவரை விளங்காது. அந்தக் குறை இதில் இருக்கக் கூடாது. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் முறைப்படி எழுதுகிறேன்.

பெயர் யாக்கோப்பு. வயது நாற்பது. மணமாகாதவன். உன்னை வளர்த்த பீற்றிஸும் அவளுடைய தங்கை மார்கிறட்டும் என் மாமன் மகள்மார். பீற்றிஸின் சீதன வீட்டுப் பின்வளவில், வாவியைப் பார்த்திருக்கும் அறையில் குடியிருக்கிறேன். உன்னைப் பெற்றவள் மார்கிறட். 1958ஆம் ஆண்டு, மாங்கேணியில், ஒரு தூரத்து உறவுக்காரர் வீட்டில். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. தகப்பன் யார் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கலியாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த பீற்றிஸ் கூடவே போய்த் தங்கி, உன்னைத் தன் பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊர் நம்பியது. ஊருக்கு நம்புவதில் சிரமம் இருக்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்த மாதமே பீற்றிஸ் என் அறைக்கு வந்தாள். "முறைக்கு அவள் உனக்குரியவள்தானே மச்சான். நீ கட்டினா எல்லாம் மூடிப்போயிரும்" என்றாள். நான் மறுத்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை, சொல்லக்கூடிய காரணமாகவும் அது இல்லை. அன்று காலை கிணற்றடிக் கொடியில் மார்கிறட்டின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நெஞ்சுப் பக்கத்தில் இரண்டு வட்டக் கறைகள். தோய்த்த பின்னும் பால் புளித்த மணம் போகவில்லை. அன்றைக்கு முழுவதும் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

அந்த வருடங்களில் நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். ரஷ்ய நாவல்கள், பிரெஞ்சு நாவல்கள், நோர்வே நாட்டு நாவல்கள், எல்லாம் தமிழில் வந்தவை. நூலகத்தில் இருந்ததை முடித்துவிட்டு, இந்தியாவிலிருந்து தபாலில் எடுப்பித்து வாசித்தேன். அவற்றில் பெண்கள் பனியில் நின்று துன்பப்பட்டார்கள். வெள்ளைக் கைக்குட்டையில் இருமினார்கள். அவர்களுடைய துன்பத்துக்கு மணம் இருக்கவில்லை. வாசித்துவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே வாவி, சேறு, காயப்போட்ட வலை, அதில் ஒட்டிக்கிடக்கும் அழுகிய மீன்குஞ்சு. ஒருநாள் இந்த வாவி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். அப்படி நினைத்தால்தான் இரவில் நித்திரை வரும்.

அந்தப் பனியை நம்முடைய ஊருக்குக் கொண்டுவர நான் ஒரு நாடகம் எழுதினேன். சீதேவிப்பிள்ளை என்ற மீன்காரி. அவளைக் கைவிட்டு ஒருவன் ரயிலேறிப் போய்விடுகிறான். அவள் வாவிக்கரையில் நின்று வருடக்கணக்காகக் காத்திருக்கிறாள். நம்முடைய பேச்சிலேயே எழுதினேன். மார்கிறட் அப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றாள். வானொலியில் குரல் தேர்வு நடக்கிறது, வாசிக்க ஏதாவது தா என்று கேட்டாள். அந்த நாடகத்தைக் கொடுத்தேன். 1961இல், ஒரு வியாழக்கிழமை. நானும் கூடப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"என்ட ஆத்துமா குளிருல விறைச்சுப் போச்சு. இந்த வாவிகூட எனக்கொரு கம்பளி தராதா?"

அவள் அந்த வரியை வாசித்ததும் தயாரிப்பாளர் மேசையில் அடித்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். தேநீர் கொண்டுவந்தவன் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தான். தயாரிப்பாளரின் உதட்டுக்கும் மேசைக்கும் இடையில் ஒரு எச்சில் நூல் தொங்கியதைப் பார்த்தேன். அவர் வெளியே வந்து என் கையைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது. "கிழமைக்கு ஒண்டு இப்பிடி எழுதித் தருவீரோ?" என்று கேட்டார்.

பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது மார்கிறட் சொன்னாள்: "குறை நினையாத மச்சான். நான் அழுகையாத்தான் வாசிச்சன். அவங்க சிரிச்சிட்டாங்க."

'சீதேவியக்கா வீடு' இப்படித்தான் பிறந்தது. எட்டு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் ஐந்தரைக்கு. என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். ஆகவே, அது முழுக்க மார்கிறட் தன் வாயால் அவிழ்த்துவிடுவது என்றே சனங்கள் நினைத்தார்கள். வாழைச்சேனையில் ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கிழவி வருவாள் என்று காத்து நின்ற கூட்டம், இருபத்தாறு வயதுப் பெண் காரிலிருந்து இறங்கியதும் ஏமாந்துபோனது. ஒருத்தி முன்னுக்கு வந்து, "நீதான் சீதேவியக்கா எண்டா ஒருக்காச் சிரிச்சிக் காட்டுகா" என்றாள். மார்கிறட் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். மூன்று படியாக ஏறி, கடைசியில் விக்கலாக முடியும் சிரிப்பு. கூட்டம் அவளைத் தூக்காத குறை. ரயிலில், சந்தையில், கோவில் வாசலில், எங்கே போனாலும் சிரித்துக் காட்டச் சொன்னார்கள். ஒருமுறை பூசை முடிந்து வெளியே வந்த ஒரு கன்னியாஸ்திரியும் கேட்டார். அவள் யாருக்கும் மறுத்ததில்லை.

நீங்கள் வானொலி கேட்பதை நான் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தேன். பீற்றிஸின் முன்னறையில் அக்கம்பக்கம் எல்லாம் வந்து குந்தியிருக்கும். இலட்சுமிப்பிள்ளை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வருவாள். சிரிப்பு வந்தால் அவளுக்கு அடக்கத் தெரியாது. சிவந்த சாறு நாடியில் வழியும், புறங்கையால் துடைப்பாள், அந்தக் கையால் உன் தலையைத் தடவுவாள். எல்லோருடைய வாயும் திறந்திருக்கும். பல்லிடுக்கில் மத்தியானத்து மீன். அத்தனையும் என் ஒரு வரியால் திறந்த வாய்கள். நான் பின்கதவருகில் நின்று அவற்றை எண்ணுவேன்.

1969 மாசி மாதம் மார்கிறட்டிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலு பக்கம். பருத்த எழுத்து, தலையெண்ணெய் பட்ட தாள். உயிர்த்த ஞாயிறுக்கு வருகிறாள். வந்து உன்னிடம் உண்மையைச் சொல்லப் போகிறாள். நாடகத்தை விட்டுவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கொழும்பில் படிப்பிக்கப் போகிறாள். பீற்றிஸிடம் கேட்டாயிற்றாம், பீற்றிஸ் அழுதுவிட்டு ஓம் என்றாளாம். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"மச்சான், எனக்குப் பிள்ளையிட்ட என்னெண்டு சொல்லுற எண்டு தெரியல்ல. நான் ஆரோடயும் எழுதின பேச்சுத்தான் பேசிப் பழகிட்டன். நீ எழுதித் தா. நான் பாடமாக்கிட்டு வாறன்."

எழுதுவதற்கு உதவியாக, நடந்ததையெல்லாம் அவளே விபரமாக எழுதியிருந்தாள். உனக்கு ஒன்பது நாள் பால் கொடுத்தாள். பத்தாம் நாள் பீற்றிஸ் உன்னை வாங்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள். பால் வற்றுவதற்காக அந்த வீட்டுக் கிழவி மல்லிகைப் பூவை அவளுடைய மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். மற்ற அறையில் நீ அழும்போதெல்லாம் பூ நனைந்தது. உன் இடது காதுமடலில் ஒரு சின்னப் பிளவு இருக்கிறதே, அதை முதலில் கண்டது தான்தான் என்று எழுதியிருந்தாள். இவற்றை வாசித்த அன்றும் நான் சாப்பிடவில்லை.

அவள் எழுதித் தரச் சொன்னாள். நான் எழுதிக் கொடுத்தேன். இதுவரைக்கும் நான் செய்ததில் எந்தத் தவறும் இல்லை என்றே நினைக்கிறேன்.

எங்கள் நாடகம் நேரடியாகத்தான் போனது. எழுத்துப் பிரதியைத் தபாலில் அனுப்புவேன், சனிக்கிழமை ஒத்திகை. எப்போதாவது கடைசிப் பக்கங்கள் முடியாமல் போனால், ஞாயிறு காலை ரயிலில் கார்டிடம் கொடுத்துவிடுவேன். அழகரத்தினம் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிவருவார். அப்படி வந்தால் ஒத்திகைக்கு நேரம் இருக்காது. சிவப்பு விளக்கு எரியும்போது கையில் கொடுத்துவிடுவார்கள். மார்கிறட்டுக்கு அதில் ஒரு பெருமை. வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் அடுத்த வரியில் இருக்கும், ஒருநாளும் தடுக்கியதில்லை. பங்குனி முதல் இரண்டு கிழமையும் நான் வேண்டுமென்றே பிந்தினேன். மூன்றாம் கிழமை பிந்தியபோது யாருக்கும் அது புதினமாகத் தெரிந்திருக்காது.

ஒத்திகைக்கு அனுப்பிய ஐந்து பக்கத்தில் இருந்தது வெறும் ஆட்டுக் கதை. சீதேவியக்காவின் ஆடு சினையாக இருக்கிறது. அவளுடைய அக்காவின் ஆடு மலட்டு ஆடு. ரயிலில் அனுப்பிய மூன்று பக்கத்தில் ஆடு குட்டி போடுகிறது.

அந்த ஞாயிறு நீ வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாய். பதினொரு வயது. இரட்டைப் பின்னல், பச்சை ரிப்பன். காது நன்றாகத் தெரிந்தது. நான் பின்கதவை விட்டு உள்ளே வந்து உனக்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்தேன். வழக்கத்தில் நான் இருப்பதில்லை.

சீதேவியக்கா சொன்னாள்: "குட்டிய அக்கா தூக்கிட்டுப் போய்த் தன்ட ஆட்டுக்குப் பக்கத்தில விட்டிட்டா. தன்ட ஆடுதான் ஈண்டது எண்டு ஊரெல்லாம் சொல்லுறா. நான் ஒன்பது நாள்தான் பால் குடுக்க விட்டன். பத்தாம் நாள் மடியில மல்லிகப்பூ வெச்சுக் கட்டிட்டன்."

பக்கத்து வீட்டுக்காரராக வரும் அழகரத்தினம் கேட்டார்: "ஏன் சீதேவியக்கா, ஆட்டுக்குப் பூ வைச்சால் மாப்பிள்ளை வருவாரோ?"

முன்னறை வெடித்தது. இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பீற்றிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள்.

வானொலியில் ஒரு மௌனம் வந்தது. நாலு விநாடி. எட்டு வருடத்தில் அவள் தடுக்கிய ஒரே இடம். அவளுடைய கண் அடுத்த வரியைக் கண்டுவிட்டது. அவள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்றவர்கள் அவளுடைய வரியைப் பிடித்துத்தான் தங்கள் வரியைப் பேச வேண்டும். நாடு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் எழுதினதை எழுதினபடி வாசிக்கிறவள். நான் எண்ணியிருந்ததும் அதைத்தான்.

"என்ட குட்டி எண்டு எனக்குத் தெரியாமலா? இடது காதில ஒரு வெடிப்பு. மாங்கேணியில பிறந்த குட்டி. இப்ப அக்காட ஆட்டத்தான் அம்மா எண்டுது. என்னக் கண்டா வேலியால எட்டிப் பாத்து, சின்னம்மே, சின்னம்மே எண்டு கத்துது."

பிறகு அந்தச் சிரிப்பு. மூன்று படி, கடைசியில் விக்கல். அன்று விக்கல் கொஞ்சம் நீண்டது. நடிப்பின் உச்சம் அதுதான் என்று பிறகு பலபேர் கடிதம் எழுதினார்கள்.

நீ சிரித்துக்கொண்டிருந்தாய். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே உன் கை மெல்ல மேலே போய் இடது காதைத் தொட்டது. இலட்சுமிப்பிள்ளை உன் கையைப் பார்த்தாள். காதைப் பார்த்தாள். பிறகு குசினி வாசலைப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி வைத்திருந்தாள். சாறு வழிந்து பாயில் விழுந்தது. அடுத்தடுத்து ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. அறை அமைதியாகிவிட்டது. எட்டு வருடமாக நான் கேட்க விரும்பிய அமைதி. யாரும் எழுந்து பெட்டியை நிறுத்தவில்லை. அதில் சவர்க்கார விளம்பரம் பாடியது.

எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பீற்றிஸ் என்னைக் குசினிக்குள் இழுத்தாள்.

"இத ஆர் எழுதின? நீதானே?"

"நான் அனுப்பினது ஆட்டுக் கதை. இந்தக் கடைசிக் கதை நான் எழுதல்ல. அவ தானாச் சேத்துப் பேசியிருக்கா" என்றேன்.

நீ கதவுக்குப் பின்னால் நின்றதைக் கண்டுதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அவள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவ்வளவும் நான் எழுதியது.

மார்கிறட் உயிர்த்த ஞாயிறு வரை பொறுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டாள். நீ அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாய். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோடு நின்றாள்.

"மகள், அது நான் சொன்னதில்ல, கிளி."

உள்ளே இருந்து நீ சொன்னாய்: "குரல் உங்கடதானே, சின்னம்மா."

அதற்குப் பிறகு அவள் பின்வளவுக்கு வந்தாள். ஒவ்வொரு நாடகமும் முடிந்த பிறகு பிரதியைச் சேர்த்துவைத்து, ஊருக்கு வரும்போது என்னிடம் திருப்பித் தருவது அவளுடைய வழக்கம். நான் ஒழுங்காக அடுக்கி வைப்பேன். அன்றும் பையைத் திறந்து மூன்று பக்கத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"இந்தா மச்சான், உன்ட கடுதாசி. எல்லாத்தையும் சேத்து வெக்கிறவன்தானே."

இதைப் பீற்றிஸிடம் காட்டியிருக்கலாமே என்று நான்தான் கேட்டேன். எழுத்து என்னுடையது, ஒளிக்க வழியில்லை. அவள் பையை மூடித் தோளில் போட்டாள்.

"காட்டினா பிள்ளை கேப்பாள், சித்தப்பாவுக்கு இதெல்லாம் ஆர் சொன்ன எண்டு. நாந்தானே எழுதி அனுப்பின? அவள் என்ட வாயால கேக்க வேண்டியத நான் உன்னட்டக் குடுத்திட்டன்."

அன்றைக்கே திரும்பிப் போய்விட்டாள். நாடகத்துக்குப் போகவில்லை. வேறொருத்தியை வைத்துப் பார்த்தார்கள், சிரிப்பு வரவில்லை, மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். மார்கிறட் மறுபடியும் புடவைக் கடையில் வேலைக்குப் போனாள். யாராவது அடையாளம் கண்டு சிரித்துக் காட்டச் சொன்னால், ஆள் மாறிவிட்டது என்பாளாம். வருடா வருடம் நத்தார்ப் பெருநாளுக்கு உனக்குக் கடிதம் போட்டாள். உடைக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னது நீ. தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனது நான். எட்டுக் கடிதம். ஒன்றைக்கூட நான் பிரித்துப் பார்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்.

எதற்காக என்று நீ கேட்பாய். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரிப்பில்லாமல் முடிய வேண்டும் என்று விரும்பினேன். நான் அழுகையாக எழுதியதை அவர்கள் சிரிப்பாக்கினார்கள். நான் சிரிப்பாக எழுதி அழுகையாக்கிக் காட்டினேன். உன்னிடத்தில் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. அவளிடத்திலும் இல்லை. அந்த வாய்களை மூடவைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்று பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் மங்கிவிட்டது. ஜன்னலோரம் வைத்து வாசி. இரண்டாம் பக்கத்தின் அடியில், குட்டி வேலியால் எட்டிப் பார்க்கும் இடத்தைக் கவனி. அன்றைக்கு அறையே அடங்கிப் போயிருந்தபோது ஒருவர் மட்டும் சிரித்த சத்தம் உனக்கு நினைவிருக்கலாம். இலட்சுமிப்பிள்ளை என்று நினைத்திருப்பாய். அது நான். எவ்வளவு முயன்றும் அடக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

வாசித்து முடிந்ததும் மடிக்காமல் திருப்பித் தா. வேறு பிரதி என்னிடம் இல்லை.